மாப்பசையில் ஒட்டிய ஏழு வரிசை

முதலில் ஷிபானின் ஆட்டோ நின்றது. பிறகு ஆட்டோவுக்குப் பின்னால் பாதையே நின்றுவிட்டது.

லொறி நிறையக் கருங்கல்லைக் கொட்டினாற்போல ஒரு சத்தம். ஷிபானும் சுபாஜினியும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு முன் அவர்கள் கடந்துவந்த வளைவில் பாதைக்குப் பதிலாகச் செம்மண் குவிந்து கிடந்தது. அதன் உச்சியில் ஒரு தேயிலைச் செடி, ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நின்றது.

மீரியபெத்தைத் தோட்டத்தை மண் விழுங்கிய பிறகு ஊவா மலைகளில் மண் சரியும் சத்தத்தைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. ஷிபான்கூட முழுதாக அரை நிமிடம் வாய் திறக்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும்.

"அக்கா," என்றான் கடைசியில். "இனி ரிவர்ஸ் கியர் தேவையில்ல. கழட்டி வச்சிரலாம்."

"முன்னால போற கியர் வேலை செய்யுதா?"

"அதுவும் இல்ல. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிட்டுது."

"அப்ப காலால நடங்க."

சுபாஜினி குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். பதுளை நீதிமன்றத்தில் பதினோரு வருடம் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தவள். சாட்சிக்கூண்டில் ஊரார் சொன்ன பொய்களை எல்லாம் தன் வாயாலேயே இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்லி அலுத்துப்போனாள். ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் விசாரணை நிலையம் என்று பலகை மாட்டினாள். பலகைக்குக் கீழே ஆட்டோ நிறுத்தியிருந்த ஷிபான், வாடகைக்கு வந்து, வழக்குக்கு வழக்கு கருத்துச் சொல்லி, உதவியாளன் ஆகிவிட்டான். யாரும் அவனை நியமிக்கவில்லை.

பூனாகலைக்கு மேலே இருக்கிறது நெட்டமலைத் தோட்டம். அதன் மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில், மூச்சு வாங்க வாங்க, ஷிபான் வழக்கை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்.

"பழைய துரை பங்களா. இப்ப டூரிஸ்ட் ஹோட்டல். ஹோல்ல ஒரு பித்தளை ரயில் விளக்கு. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அதுக்குப் பக்கத்துல நின்னு வெள்ளைக்காரங்க போட்டோ எடுத்திருக்காங்க. மூணு மணிக்கு விளக்கைக் காணோம். அந்த நேரம் பாத்து கரண்ட் இல்ல, கேமராவும் குருடு. பழி யார் மேல? அதே ஹோலுக்கு ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன் செஞ்சு குடுக்க ஒத்துக்கிட்ட அஜந்தன் மேல. ஏன்னா மூணு தடவை அங்க வந்து அளவெடுத்து, விளக்கையும் சேத்துப் படம் வரைஞ்சிருக்கான்."

"விளக்கு அஜந்தன்கிட்ட கிடைச்சுதா?"

"இல்ல. ஆனா ஆளு கிடைச்சிட்டான். பொலிஸுக்கு அது போதும்."

அஜந்தன் ரிமாண்டில் இருப்பது இன்றோடு பத்தாவது நாள். நாளை காலை ஒன்பது மணிக்குப் பிணை விசாரணை. ஏதாவது உறுதியாகக் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் இன்னும் பதினான்கு நாள் உள்ளேதான் என்று அஜந்தனுக்காக ஆஜராகும் லோயர் முன்ஸிப் சொல்லியிருந்தார். அஜந்தனின் மனைவி தனுஜா நேற்று இரண்டு பஸ் மாறி வந்து, விசாரணை நிலையத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "அவர் வெளிய வரணும் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவள் லயத்து முன்வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள். மழைக்குப் போடும் படங்கு தலையிலிருந்து முழங்கால் வரை தொங்கியது.

"பாதை போயிருச்சுங்களாமே மிஸ்?"

"வந்த பாதை போயிருச்சு. வேற பாதை இருக்கா?"

"குறுக்கால ஒண்ணு இருக்கு. அதுல ஆறு எறங்கி ஓடுது. நாளைக்கு மெசின் வந்து மண்ணை அள்ளுனாத்தாங்க."

"போன்?"

"மேல போன் கல்லுன்னு ஒரு பாறை. அதுல ஏறி நின்னா பிடிக்கும். இங்க பிடிக்காது."

ஷிபான் வானத்தைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். "அஜந்தனாவது பதுளைல இருக்கான். நாங்கதான் ரிமாண்ட்ல இருக்கோம்," என்றான்.

வீட்டில் அறை என்று இருந்தது காம்பரா ஒன்றுதான். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். அதில் பாதியை ஒரு மேசை பிடித்துக்கொண்டிருந்தது, மேசை முழுவதையும் ஒரு ரயில்வே ஸ்டேஷன் பிடித்துக்கொண்டிருந்தது. மிச்ச இடத்தில் மூன்று பேர் நின்றதும் கதவைத் திறக்க இடமில்லாமல் போயிற்று.

"ராவுல இதுக்குக் கீழதான் மிஸ் படுக்குறேன்," என்றாள் தனுஜா. "ஹோட்டல்காரங்க திருடன் செஞ்சது வேணாமுன்னுட்டாங்க. பொலிஸும் எடுத்துட்டுப் போகல."

சுபாஜினி குனிந்து பார்த்தாள். இரண்டடி நீளம். பிளாட்பாரம், பெஞ்சு, டிக்கட் கொடுக்கும் பொந்து, புகை படிந்தாற்போல இருண்ட சன்னல்கள். கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூட இல்லை. அட்டை, குச்சி, குடைக் கம்பி, தகரம் என்று கையில் கிடைத்ததை வைத்தே கட்டியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூரை. ஐஸ்கிரீம் குச்சியை நீளவாக்கில் கீறி, சுண்டுவிரல் நகமளவுக்கு நறுக்கி, டஸ்ட் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்த மரத்துண்டுகள். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ள வரிசையைப் பாதி மூடி, மீன் செதில் மாதிரி ஏறிக்கொண்டே போனது. பக்கத்துக்கு இருபத்திரண்டு வரிசை. நூறு வருட மழையில் நனைந்த கூரை என்று கேட்காமலே நம்பலாம்.

"ஷிங்கிள்னு சொல்லுவாருங்க. ஹோட்டல் முதலாளிகிட்ட ஒரு பழைய படம் இருக்கு, அதுல உள்ள மாதிரியே வேணுமுன்னாராம்."

"எங்க வீட்டுக் கூரையை விட இது உறுதி," என்று ஷிபான் ஒரு விரலை வைத்தான். மூன்று துண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "நான் தொடல. பாராட்டினேன். அவ்வளவுதான்."

சுபாஜினி உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூரையின் அடிப்பக்கத்திலிருந்து மேலே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனாள். கீழே எட்டு வரிசை அசையவில்லை. ஒன்பதாவதிலிருந்து பதினைந்தாவது வரை ஆடியது. பதினாறிலிருந்து உச்சி வரை மறுபடி இறுக்கம்.

"தனுஜா, இங்க கரப்பான் பூச்சி இருக்கா?"

தனுஜாவின் முகம் சுருங்கியது. "லயமுன்னா இருக்கத்தாங்க செய்யும். நான் நாளும் கூட்டிப் பெருக்கித்தான் வைக்கிறேன்."

"வெட்கப்படாதீங்க. அது நமக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கு. கீழ எட்டு வரிசையை எதால ஒட்டியிருக்கு?"

"குளூ கன்னுங்க. பிளக்குல சொருகுனா சூடாகி, பசை உருகி வரும்."

"நடுவுல இந்த ஏழு வரிசை?"

மிகச் சிறிய ஒரு இடைவெளி விழுந்தது. பதினோரு வருடம் அந்த மாதிரி இடைவெளிகளில் வேலை செய்தவள் அதைக் கவனித்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

"மாப்பசைங்க. கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டுனது."

"அதைத்தான் கரப்பான் தின்னிருக்கு. ஏன் மாப்பசை? குளூ முடிஞ்சிருச்சா?"

"இல்ல, பாக்கெட்டுல பாதி இன்னும் கெடக்கு. கரண்ட் இல்லீங்களே அன்னைக்கு."

சொன்ன பிறகுதான் தனுஜா வாயை மூடினாள். ஷிபானோ வாயைத் திறந்தான்.

"அக்கா! அந்த வாரம் கரண்ட் போனது சனிக்கிழமை மட்டும்தானே? லைன்ல மரம் விழுந்து?"

"பன்னிரண்டரையிலேர்ந்து நாலரை வரைக்கும். கீழ கடைல விசாரிச்சிட்டுத்தானே வந்தோம். ஒரு வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகும் தனுஜா?"

"அரை மணி ஆகுங்க."

"ஏழு வரிசைக்கு மூணரை மணி. பன்னிரண்டரையோட கூட்டிப் பாருங்க ஷிபான்."

"நாலு!" ஷிபான் குதித்த குதியில் தலை பரண் கம்பில் இடித்தது. "விளக்கு காணாமப் போன நேரம் ஆளு இங்க உக்காந்து மாவு பூசிக்கிட்டு இருந்திருக்கான். சனிக்கிழமை முழுக்க வீட்டுல கூரை ஒட்டினேன்னு பொலிஸ்ல சொன்னான். சிரிச்சாங்க. இப்ப கூரையே சொல்லுது! கணக்கு மாதிரி எல்லாம் சரியா வருது. அல்லா, கரப்பான் பூச்சிக்குக் கறுப்புக் கோட்டு தச்சுக் குடுக்கணும்."

தனுஜா சிரிக்கவில்லை. ரொட்டி சுடப் போகிறேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நாள் அழுத களைப்பு என்று ஷிபான் நினைத்தான். நல்ல மனிதன், அப்படித்தான் நினைப்பான்.

சுபாஜினி போனை எடுத்து ஒவ்வொரு வரிசையாகப் படம் பிடித்தாள். பாதை திறக்காவிட்டால் படத்தையாவது முன்ஸிப்புக்கு அனுப்ப வேண்டும். பதின்மூன்றாவது வரிசையைப் பெரிதாக்கியபோது அவள் கை நின்றது. பதினான்காவது. ஒன்பதாவது. மறுபடி கீழே வந்து ஆறாவது.

அவள் போனை மடியில் வைத்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிடத்தில் மனதார நினைத்தாள்.

"தனுஜா, இங்க வாங்க. உதிர்ந்த துண்டெல்லாம் மேசையில கிடக்கு. இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல ஒரு வரிசையா அடுக்கிக் காட்டுங்க. லோயருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்னு காட்டணும்."

தனுஜா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கும் கைகள். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கின. வலது கை வலது ஓரத்திலிருந்து, இடது கை இடது ஓரத்திலிருந்து, துண்டு துண்டாக வைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தன. நடுவில் அரைத் துண்டுக்கு இடம் மிச்சம் இருந்தது. அவள் யோசிக்காமலே ஒரு துண்டை நகத்தால் கிள்ளிப் பாதியாக்கி அந்த இடத்தில் வைத்தாள்.

கிள்ளிய பிறகு நிமிர்ந்து சுபாஜினியின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். கையை மேசையிலிருந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னக்கா?" என்றான் ஷிபான், இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

"அஜந்தன் இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் போற ஆள். அவரோட வரிசையில எல்லாம் வெட்டின அரைத் துண்டு வலது ஓரத்துல இருக்கு. கீழ எட்டுலயும் மேல ஏழுலயும் அப்படித்தான். இந்த மாப்பசை ஏழு வரிசையில மட்டும் அரைத் துண்டு நட்டநடுவுல இருக்கு. ரெண்டு கையும் ரெண்டு பக்கத்திலேர்ந்து வந்து சந்திச்ச இடம். கொழுந்து எடுக்கிற ஆளுக்குத்தான் ரெண்டு கையும் ஒண்ணா வேலை செய்யும். சரியா தனுஜா?"

தனுஜா கதவுக்குப் போகப் பார்த்தாள். நடுவில் ஷிபான் நின்றான், அவனுக்குப் பின்னால் மழை நின்றது. அவள் மேசைக் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் வீட்டுல இல்லீங்க மிஸ்."

"எங்க போனார்?"

"வெள்ளனவே கெளம்பிட்டாரு. பண்டாரவளைக்குப் போயி குளூ வாங்கிட்டு வர்றேன்னாரு. குளூ வாங்கப் போறவரு கல்யாணச் சட்டையைப் போட்டுட்டுப் போனாருங்க. ஆறு மணிக்கு வந்தாரு, கைல குளூ இல்ல. மூஞ்சி சரியில்ல. கேட்டா பேசல. நான் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிஞ்சு வந்து, திங்கக்கிழமை ஹோட்டலுக்குக் குடுக்கணுமேன்னு நானே கூரையை ஒட்டுனேன். அவர் செய்யிறதைப் பாத்துப் பாத்து எனக்கும் வரும்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "செவ்வாக்கிழமை பொலிஸ் வந்து இந்த இஸ்தோப்புல நின்னு கேட்டாங்க. வீட்டுல இருந்து கூரை ஒட்டுனேன்னு அவர் சொன்னாரு. என்னையப் பாத்தாரு. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன்."

"ஏன் தங்கச்சி?" ஷிபானின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"பங்களா முன்வாசல்ல நல்ல சட்டை போட்டாத்தான் உள்ள விடுவாங்க ஷிபான் நானா. அதுக்குத்தான் அந்தச் சட்டைன்னு வெளங்கிருச்சு. எம் புருஷன் எடுத்துட்டாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மிஸ் ஒங்ககிட்ட வந்தேன். திருடனோ யாரோ, எனக்கு அவர் வேணும்."

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"அக்கா," என்றான் ஷிபான் தயங்கி. "கூரையை நாம பாத்தோம். பசையைப் பாத்தோம். நடுவுல உள்ள துண்டை மட்டும் பாக்கலன்னு வச்சிக்குவோமே."

"நாளைக்கு அந்தப் பக்கத்து லோயர் ஒரு பிடி குச்சியைக் குடுத்து அஜந்தனை அடுக்கச் சொன்னா? அப்புறம் ரெண்டு பேருமே உள்ள. அது கெடக்கட்டும் ஷிபான், மத்தவங்க பொய்யை என் வாயால சொல்றதில்லன்னுதானே அந்த வேலையை விட்டேன்? இங்க வந்து அதையே திரும்பச் செய்யவா?"

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்ற வந்து, அவளிடமிருந்த ஒரே பொய்யையும் பிடுங்கியாயிற்று. திரும்பிப் போகப் பாதையில்லை, சொல்ல வேறு வார்த்தையும் இல்லை. இந்தப் பத்தடி அறைக்குள் விடியும் வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஷிபானால் மட்டும் சும்மா இருக்க முடியாது. மனம் கனத்துப்போனால் அவனுக்குக் கை பரபரக்கும். போன் டோர்ச்சைப் போட்டு, ஸ்டேஷன் வாசல் வழியாக உள்ளே வெளிச்சம் அடித்தான்.

"உள்ள டிக்கட் கவுண்டர் வரைக்கும் செஞ்சிருக்கானா பாப்போம்..." அவன் நிறுத்தினான். "அக்கா."

"என்ன?"

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு விலா எலும்பு இருக்கு."

இந்த நேரத்திலும் பகிடியா என்று திட்ட வாயெடுத்த சுபாஜினி, திட்டவில்லை. உள்ளே வெளிச்சம் பட்டதும் புகை படிந்த சன்னல்கள் விழித்துக்கொண்டிருந்தன. ஒரு சன்னலில் வெள்ளையாக வளைந்த மூன்று கோடுகள். பக்கத்துச் சன்னலில் இன்னும் இரண்டு. மூன்றாவதில் தோள்பட்டை எலும்பின் ஒரு முனை.

"இந்தச் சன்னலெல்லாம் எப்ப வச்சது தனுஜா?"

"ஞாயித்துக்கெழமைங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எட்டையும் வச்சிட்டாரு. பழைய பிலிம் ஒண்ணு கெடைச்சுதுன்னாரு. கண்ணாடில கரி புடிச்ச மாதிரி இருக்கும், எண்ணெ விளக்கு வச்ச ஸ்டேஷன்ல அப்படித்தான் இருக்குமுன்னாரு."

"அது எக்ஸ்ரே பிலிம். ஷிபான், ஒரு பக்கம் பிடிங்க. திருப்புவோம்."

இருவரும் ஸ்டேஷனைத் தூக்கித் திருப்பினார்கள். சுவரோடு ஒட்டி நின்ற பின்பக்கத்தில் நான்கு சன்னல். கையில் கிடைத்த எதையும் வீசத் தெரியாத ஆள் அஜந்தன். நல்ல துண்டுகளை முன்னால் வைத்துவிட்டு, ஓரத்துண்டை யாரும் பார்க்காத பின்பக்கக் கடைசிச் சன்னலில் போட்டிருந்தான். வெளிச்சத்தில் பொடி எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஆங்கிலத்தில் அஜந்தன் பெயர். வயது முப்பத்து நான்கு. அந்தச் சனிக்கிழமையின் திகதி. பதுளை டவுனில் காசு கொடுத்து எக்ஸ்ரே எடுக்கும் ஒரு இடத்தின் பெயர். அதற்குப் பக்கத்தில் நேரம்.

"பதினாலு, ஆறு," என்று வாசித்தாள் சுபாஜினி. "ரெண்டு மணி தாண்டி ஆறு நிமிஷம்."

ஷிபான் விரல் விட்டு எண்ணினான். "ஒரு மணிக்கு விளக்கு இருந்திச்சு. மூணு மணிக்கு இல்ல. ரெண்டு மணிக்கு இவன் பதுளைல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். அங்கேருந்து ரெண்டு பஸ் மாறி இங்க வர ரெண்டரை மணி நேரம். அக்கா, இவன் எடுக்கல! உண்மையாவே எடுக்கல! அங்க போய்க் கேட்டா பதிவும் இருக்கும். தங்கச்சி, ஒங்க புருஷன் திருடன் இல்லம்மா. எழும்புங்க!"

தனுஜா எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அந்தச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாகத் திருடன் என்று நம்பிய புருஷன் திருடன் இல்லை என்று கேட்ட பெண்ணின் முகமாக அது இல்லை.

"அப்ப ஏன் பொலிஸ்ல இதைச் சொல்லல?" ஷிபானின் உற்சாகம் பாதியில் நின்றது. "ஏதும் நோய் வருத்தமா அவனுக்கு? நெஞ்சுல?"

"வருத்தக்காரன் ஆஸ்பத்திரிக்குக் கல்யாணச் சட்டை போட்டுட்டுப் போக மாட்டான் நானா," என்றாள் தனுஜா. "போட்டோ எடுக்கப் போறவன்தான் போடுவான். பாஸ்போட்டுக்கு."

அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அதுதான் சுபாஜினிக்குப் பயமாக இருந்தது.

"எங்கண்ணனும் இப்படித்தாங்க. கட்டாருக்குப் போறதுக்கு முன்ன நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னாங்க. நெஞ்சு சுத்தமா இருந்தாத்தான் ஏஜென்ஸிக்காரன் மேக்கொண்டு பேசுவான். அண்ணன் நெஞ்சு ரொம்பச் சுத்தமா இருந்திச்சு. போயி எட்டு மாசத்துல பொட்டில வந்தான். பொட்டியத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மூடுன பொட்டி மேல கைய வைக்கச் சொல்லி, நான் இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். பட்டினி கெடந்தாலும் இந்த மலைய விட்டுப் போகக் கூடாதுன்னு."

ஷிபான் டோர்ச்சை அணைத்தான். எலும்புகள் மறைந்து, சன்னல்கள் பழையபடி இருண்டன.

பொலிஸ் கேட்டது இஸ்தோப்பில், இவள் முன்னால். பதுளைக்குப் போனேன் என்று அவன் சொல்லியிருந்தால், எதுக்கு என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதைச் சொல்வதற்குப் பதில் பத்து நாள் ரிமாண்டில் இருக்கிறான். அவன் திருடிவிட்டான் என்று நம்பிக்கொண்டு இவள் அவனுக்காகப் பொய் சொல்கிறாள். தன்னைத் திருடன் என்று நம்பித்தான் அவள் தலையாட்டினாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போய் ஒரே கூண்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சுபாஜினிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை.

"தனுஜா, இதை லோயர்கிட்ட குடுத்தா நாளைக்கு அவர் வெளிய வந்துருவார். ஆனா குடுக்கணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"வெளிய வந்தா போயிருவாரு."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். அந்தப் படத்தை வெட்டிச் சன்னலா வச்சதும் அவர்தானே."

"உள்ளயே இருந்தா எங்கயும் போக முடியாதுல்ல மிஸ்?"

கேட்டுவிட்டு அவளே அதிர்ந்துபோனாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷிபான் பதில் சொல்ல வாயெடுத்தான். சுபாஜினி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு தனுஜா எழுந்து கருகிய ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். மேசைக்கு வந்தாள். பின்பக்கக் கடைசிச் சன்னலின் ஓரத்தில் நகத்தை விட்டு, ஒரு மூலையும் கிழியாமல், கொழுந்து கிள்ளுகிற பதத்தில் அந்தத் துண்டைக் கிள்ளி எடுத்தாள்.

"போன் கல்லுக்குப் போவோம் மிஸ். நீங்க பேச வேணாம். நானே பேசுறேன்."

பத்து நிமிட ஏற்றம். மண் காலை வாரியது. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பாறை உச்சியில் போனில் இரண்டு கோடு தெரிந்தது. சுபாஜினி முன்ஸிப்பை அழைத்துப் போனைத் தனுஜாவின் கையில் கொடுத்தாள்.

"சார், நான் அஜந்தன் வீட்டுக்காரி பேசுறேன். நான் பொலிஸ்ல பொய் சொன்னேங்க. அன்னைக்கு அவர் வீட்டுல இல்ல, பதுளைல இருந்தாரு. அதுக்குப் படம் இருக்கு, நேரத்தோட இருக்கு. பொய் சொன்னதுக்கு என்னைய என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

அந்தப் பக்கம் முன்ஸிப் ஏதோ வேகமாகக் கேட்டார். நல்ல செய்தி கேட்ட குரல். தனுஜா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க சார், நாளைக்குக் காலைல அவரைப் பாப்பீங்கல்ல? அப்ப ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. படத்தை நான் பாத்துட்டேன்னு சொல்லுங்க. கோர்ட்டுக்கு நான் வர மாட்டேன். வெளிய வந்து நேரா வீட்டுக்கு வரட்டும். போறதா இருந்தா என் மூஞ்சியப் பாத்து, போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, அவர்களுக்காகக் காத்திருக்காமல் அவள் லயத்துக்கு இறங்கிப் போனாள்.